முகத்துவாரத்துல நின்ன ரெண்டடிப் படகு

பெட்டி வந்து எறங்குன அன்னிக்கு எங்க கிளிஞ்சத்துறையில கச்சான் காத்து அடிச்சிட்டு இருந்துச்சு, கடல் பச்சப்பசேர்னு கெடந்துச்சு, ஐம்பத்திரெண்டு விசைப்படகும் மீன் பிடிக்கப் போயிருந்துச்சு, நான் ஏல மேடையில குத்தவச்சு டீ குடிச்சிட்டு இருந்தேன், அப்பத்தான் கூரியர்காரரு வந்து, "ஏலக்கார சூசை இங்க யாருங்க?"ன்னு கேக்க, மீன் வாங்க வந்திருந்த எலிசம்மாக்கா, "அந்தா, ஒடம்பு முழுக்க வாயா ஒருத்தன் உக்காந்திருக்காம்லா, அவந்தான்"னு கைய நீட்டிட்டாவ.

ஆமா, எனக்கு வாய்தான். படிப்பு அஞ்சாங் கிளாஸோட நின்னுபோச்சு, படகுல ஏறுனா முகத்துவாரம் தாண்டுறதுக்குள்ள மூணு தடவ வாந்தி, அதனால கரையில நின்னு கத்துற வேலய எனக்குன்னு ஆண்டவர் ஒதுக்கி வச்சுட்டாரு. சும்மா கத்துனா யாரு கேப்பா? விசைப்படகு ஓட்டுற மெல்கியோர் டிரைவர் மூக்கால பேசுறது, சங்கத் தலைவர் கொரைரா அண்ணாச்சி எத ஆரம்பிச்சாலும் "க்ஹும், க்ஹும்"னு ரெண்டு தடவ இருமிட்டு ஆரம்பிக்கது, எலிசம்மாக்கா மீனத் தொட்டுப் பாத்து மூஞ்சியச் சுளிக்கது, எல்லாத்தையும் செஞ்சு காட்டித்தான் ஏலம் விடுவேன். அத யாரோ வீடியோ எடுத்துப் போட்டாவ, அதப் பாத்துட்டுத்தான், கடைக்காரரே, நீங்க எனக்கு இந்த ரிமோட்டுப் பொம்மைப் படக அனுப்பிவிட்டீங்க, "அண்ணே, உங்க பாணியில ஒரு ரிவ்யூ போட்டுவிடுங்க"ன்னு. பதினோரு மாசம் கழிச்சு இப்பத்தான் போடுறேன். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் என்னைய வையுங்க.

மொதல்ல சாமானப் பத்திச் சொல்லிருதேன். ரெண்டடி நீளம், நெசப் படகுல இருவத்திநாலுல ஒரு பங்கு அளவு. பெயின்ட்டு ஏ ஒன். வீல்ஹவுஸுக்குள்ள பொத்தான் தண்டிக்கு ஒரு வீல் இருக்கு, மேல ஒரு ரேடார் சுத்துது, ரிமோட்டுல ஒரு பித்தானத் தட்டுனா கொசு அழுத மாதிரி 'பீ'ன்னு ஒரு ஹாரன். மீன் போடுற கிடங்கோட மூடி மட்டும் கொஞ்சம் இறுக்கம், நகத்தக் குடுத்து நெம்பணும். கொடிக்கம்பத்தக் கோணலா ஒட்டிட்டாவ. மத்தபடி கொற சொல்ல ஒண்ணுமில்ல.

பெட்டி மேல 'ரெடி டு ரன்'னு கொட்ட எழுத்துல போட்டிருக்குன்னு எங்க வீட்டுக்காரி செசிலி படிச்சுச் சொன்னா.

"அப்படின்னா என்னட்டி?"

"வெளிய எடு, தண்ணியில விடு, ஓட்டு. வேற ஒரு வேலையும் கெடையாது."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. மந்திரிக்காத படகு எங்க துறையில எப்படித் தண்ணியத் தொடும்? உப்பும் தீர்த்தமும் தெளிச்சு, பேரு வச்சு, மாலை போட்டு, அதுக்குப் பெறகுதான் எந்தப் படகும் எறங்கும். கப்பல் வந்தாலும் அப்படித்தான், கட்டுமரம் வந்தாலும் அப்படித்தான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எங்க பங்குப் பாதிரியார் ரெமிஜியுஸ் சாமியக் கூப்புட்டுப் போனேன். சாமி அன்னிக்குக் கண்ணாடிய மேசையிலயே மறந்துட்டு வந்துட்டாரு. "படகு எங்கப்பா?" "இந்தா சாமி, முன்னாலதான் நிக்கி." நின்ன எடத்துல இருந்தே நீட்டி முழக்கி முழுச் செபமும் சொல்லி, 'ஸ்டெல்லா மாரி'ன்னு மாதா பேரும் வச்சு, ஒரு வாளித் தீர்த்தத்த அது மேல ஊத்திட்டுப் போயிட்டாரு. ரெண்டடிப் படகு, முழு வாளித் தீர்த்தம். பின்னால 'பொம்மைக்கா சாமி முழுச் செபமும் சொன்னீரு?'ன்னு ஊரு கேட்டப்ப அவரு சொன்னதையும் இப்பவே சொல்லிருதேன், அந்த இழுவக் கொரல்லயே சொல்லுதேன்: "படகுன்னுதானப்பா சொன்னீங்க. படகுக்கு உள்ள செபத்தச் சொன்னேன். பொம்மைக்கு வேற செபம் இருக்கு, அத யாரும் கேக்கலையே."

அடுத்தது ஓட்டுற கத. துறையில இருக்க அத்தன டிரைவரும் வரிச கட்டி வந்தாவ. முப்பது வருசமா வீல் புடிச்ச கை, ஒவ்வொரு வெரலும் ஏத்தன் வாழப்பழம் தண்டி, ரிமோட்டுல உள்ள ரெண்டு குச்சியையும் சேத்து அமுக்குனா படகு என்ன செய்யும், பம்பரம் மாதிரிச் சுத்துச்சு. மெல்கியோர் டிரைவர் ஐஸ் பிளான்ட் சுவத்துல கொண்டு மோதிட்டு, மூக்கால, "ஙாசமாப் போன சாமானு, இதுக்கு நீவாடே தெரியலவே"ன்னாரு. நீவாடுன்னா கடலுக்குள்ள ஓடுற நீரோட்டம். நான் ஓட்டுனேன், கரையில நின்னு ஓட்டுனதுக்கே எனக்கு வாந்தி வந்துட்டு.

செசிலி அப்ப வலை பொத்திட்டு இருந்தா. அவ வெரலு பத்தும் தனித்தனியா யோசிக்கும், கிழிஞ்ச வலையக் கண்ணால பாக்காமலே பொத்துவா. அவ அப்பா மரிசால் டிரைவர் இந்தத் துறைக்கே பெரிய டிரைவரு. கடலுக்கடியில எந்தப் பாறப் பார்ல எந்த மாசம் என்ன மீனு, எந்தக் காத்துக்கு எங்க திருப்பணும், எல்லாத்தையும் அவரு வீட்டுல பேசப் பேச இவ கேட்டு வச்சிருக்கா. தெரிஞ்சு என்ன செய்ய? பொம்பள படகுல கால் வைக்கக் கூடாதுன்னு எங்க துறையில ஒரு மொற. அவ ரிமோட்ட வாங்கி மடியில வச்சா, படகு கரையில இருந்து வழுக்கிட்டுப் போயி, ஐம்பத்திரெண்டு படகுக்கு நடுவுல ஊசியில நூல் கோத்த மாதிரிப் பூந்து, திரும்பி வந்து அவ காலடியில நின்னுச்சு. கொரைரா அண்ணாச்சி, "க்ஹும், க்ஹும், பொம்பள..."ன்னு ஆரம்பிச்சாரு. எலிசம்மாக்கா விடல. "அண்ணாச்சி, அந்தப் படகுல கால் வச்சுக் காட்டும் பாப்பம். ஆம்பள காலே அதுல வைக்க முடியாது, பெறகு பொம்பளைக்கு மட்டும் என்னவே தடை?" அண்ணாச்சி இன்னும் ரெண்டு தடவ இருமிட்டு, ஐஸ் பிளான்ட் பக்கம் நடையக் கட்டிட்டாரு.

மறுநாள் வெடியக்காலம் கடலுக்கு விடப் போறேன்னு செசிலி சொன்னப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"ஏங்க, நாலு மணிக்கு எம் பேரச் சொல்லுவீங்களா?"

இத நீங்க புரிஞ்சுக்கிடணும். தெனம் சாயங்காலம் நாலு மணிக்குப் படகு திரும்புறப்ப முகத்துவாரத்துல நின்னு ஹாரன் அடிக்கும். நான் மேடையில ஏறி நின்னு, அந்தப் படகோட டிரைவர் பேரச் சத்தம் போட்டுச் சொல்லணும். முதலாளி பேரு இல்ல, படகு பேரு இல்ல, டிரைவர் பேரு. "மெல்கியோர் டிரைவர் மீனு வருது, வழிய விடு!" அப்பத்தான் அது உள்ள வரும், அந்தப் பேர்லதான் அந்த மீனு ஏலம் போவும். முன்னால நிக்கிற படகுக்குப் பேரு சொல்லாம பின்னால நிக்கிற படகு உள்ள வராது. எங்க துறையில மனுசன் மனுசனா ஆவுறது அந்தச் சத்தத்துலதான். மரிசால் டிரைவர் செத்து ஒம்பது வருசம் ஆச்சு, நாலு மணி ஆனா அவரு பேரு இன்னும் எங் காதுல கேக்குதுங்கன்னு செசிலி சொல்லுவா.

"இது ஒரு கேள்வியாட்டி? நாலு தெருவுக்குக் கேக்கச் சொல்லுதேன்"னேன்.

வெடியக்காலம் ஸ்டெல்லா மாரி மத்த படகுகளோட வரிசையில கெளம்பிப் போச்சு. நூத்தம்பது மீட்டர்தான் ரிமோட்டு எட்டும்னு உங்க பேப்பர்ல போட்டிருக்கு. நூத்தம்பது தாண்டிச்சு, ஆயிரம் தாண்டிச்சு, கண்ணுக்குத் தெரியாமப் போச்சு. பேட்டரி இருவது நிமிசம்னு போட்டிருக்கு, பத்து மணி நேரம் ஓடிச்சு. செசிலி அலைத் தடுப்புக் கல்லுல கொடையப் புடிச்சு உக்காந்து, கடலப் பாத்துட்டே குச்சிய இங்க ஒரு நூல், அங்க ஒரு நூல் நகத்திட்டு இருந்தா, நடுவுல புளிச்சோறு தின்னா, நாலு மணிக்கு முகத்துவாரத்துல 'பீ'ன்னு ஹாரன் கேட்டுச்சு. நகத்தக் குடுத்து மூடியத் தெறந்தா, உள்ள மீனு.

இருவத்திநாலுல ஒரு பங்கு மீனு. மூணு அடிச் சீலா தீக்குச்சி நீளத்துல, சூரை புளியங்கொட்ட தண்டிக்கு, திருக்கை ரெண்டு ரூவாத் துட்டு அகலத்துல, நண்டு சட்டப் பித்தான் மாதிரி, எறாலு சீரகம் மாதிரி. எல்லாம் துள்ளத் துடிக்க. எலிசம்மாக்கா ஒரு சீலாவ நகத்து நுனியில எடுத்துச் செவுளத் தூக்கிப் பாத்து, எப்பவும் போல மூஞ்சியச் சுளிச்சு, "ஐஸ் போதல"ன்னாவ. அவ்வளவுதான். எங்க துறையில மீனு வந்தா, எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டாவ, நேத்து மீனா இன்னிக்கு மீனான்னுதான் கேப்பாவ.

மூடியத் தெறக்கதுக்கு முந்தி நடந்தத விட்டுட்டேன், 'பீ' கேட்டதும் நான் மேடையில ஏறுனேன். வாயத் தெறந்தேன். இந்த மேடை போட்ட நாள்ல இருந்து ஒரு பொம்பள பேரு அதுல இருந்து கேட்டதில்ல. கீழ நூறு தல என்னைய அண்ணாந்து பாக்கு. கொரைரா அண்ணாச்சி, "க்ஹும், க்ஹும்." எங்க இருந்து அந்தப் புத்தி வந்துச்சோ தெரியல, கத்திட்டேன்:

"சூசை டிரைவர் மீனு வருது, வழிய விடு!"

துறையே உருண்டு உருண்டு சிரிச்சுச்சு. வாந்தி எடுக்கிற சூசை, டிரைவரு! எனக்கே சிரிப்பு வந்துச்சு, அப்புறம் செசிலியப் பாத்தேன், அவ மட்டும் சிரிக்கல. வீட்டுக்கு வந்து ஒரு நூல எடுத்து ஒரே ஒரு முடிச்சு போட்டா. "என்னட்டி இது?" "எம் பேரு சொல்லாத நாளுக்கு ஒண்ணு." "நாளைக்குச் சொல்லிருதேன்ட்டி." "சரி."

அந்த நாளைக்கு வரவே இல்ல. வாயி என்னோடது, கத்துறது நான், எல்லாரு பேரையும் சொல்லுதேன், இந்த ஒரு பேரச் சொல்லப் போனா மட்டும் சூசைன்னுதான் வெளிய வந்துச்சு.

ஊரு அதுக்குள்ள அந்த மீனுக்கு ஏத்த மாதிரி ஆயிட்டு. ஐஸ மிக்ஸியில அடிச்சுச் சீனி மாதிரி ஆக்குனாவ. நகைக்கடைத் தராசு ஒண்ணு மேடைக்கு வந்துச்சு. எலிசம்மாக்கா தலையில பனங்கூடையும் கையில ஒரு சோப்பு டப்பாவும் வச்சு வீடு வீடாப் போயி, "பெரிய மீனா, ஸ்டெல்லா மீனா?"ன்னு கேட்டாவ. குழம்புக் கரண்டியிலயே மீன் குழம்பு கொதிச்சுச்சு. ஒரு சீலா ஒரு ஆளுக்கு ஒரு வாய்தான், ஆனா அந்த ஒரு வாயில முழுசா வளந்த சீலாவோட கெட்டியும் ருசியும் இருந்துச்சு, முள்ளு மட்டும் முடி மாதிரி. கோயில் பங்கா வாரம் ஒரு மீனு ரெமிஜியுஸ் சாமிக்குப் போச்சு, அவரு அதுக்காகவே கண்ணாடி மாத்துனாரு. சங்கத்துல ஐம்பத்திமூணாவது படகுன்னு நம்பர் குடுத்தாவ. வெலை என்னன்னு மட்டும் கேக்காதீங்க, அது ஏலக்காரனுக்கும் மேடைக்கும் உள்ள சங்கதி.

மீன்வளத் துறையில இருந்து ஒரு அதிகாரி வந்தாரு. நல்ல மனுசன், தொப்பிய ஒழுங்கா வச்சுக்கிட்டுப் பேசுவாரு. "குஞ்சு மீன் புடிக்கிறது சட்டப்படி குத்தம், தெரியுமா?" செசிலி ஒரு சூரைய எடுத்து, பிளேடால வயித்தக் கீறி, உள்ள இருந்த செனையக் காட்டுனா, கடுகுல கால்வாசி மஞ்ச முட்டை. "குஞ்சு முட்டை போடுமா சார்?" அவரு லென்ஸ் வச்சுக் கால் மணி நேரம் பாத்தாரு, நோட்டுல 'வயதுக்கு வந்த மீன்'னு எழுதிக்கிட்டாரு, ஒரு சோப்பு டப்பா வாங்கிட்டுப் போனாரு. சித்திர மாசம் தடைக்காலம் வந்துச்சு, விசைப்படகு எல்லாம் கயித்துல கெடந்துச்சு, ஸ்டெல்லா மாரியும் அன்னிக்குக் காலையில இருந்து ஸ்டார்ட் ஆவல. சார்ஜ் போட்டோம், பேட்டரி மாத்துனோம், அசையல. அறுபத்தியோரு நாள் முடிஞ்ச மறுநாள் தானா ரேடார் சுத்துச்சு. இத ரிவ்யூவுல நல்ல குணத்துல சேத்துக்கிடுங்க.

ஆனா முடிச்சு ஏறிக்கிட்டே போச்சு. கடலுக்குப் போன நாளு ஒண்ணு விடாம, ஒவ்வொரு முடிச்சா. ஒரு நாள் பாத்தா அது நூலாவே இல்ல, கொசுவல மாதிரி பொடிப்பொடிக் கண்ணு வச்ச ஒரு சின்ன வலையா ஆயிருந்துச்சு. "ஏட்டி, இதுல எத்தன?" "எண்ணல. வலைக்கு இன்னும் ஒரு முடிச்சு பாக்கி." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

மறுநாளே எங்க கோயில்ல சந்தியாகப்பர் திருவிழா வந்துச்சு. கொடியேத்தம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. அன்னிக்கு எல்லாப் படகும் நாலு மணிக்குள்ள வந்து, குளிச்சு, வெள்ள வேட்டி கட்டி, கொடிக்கயித்தப் புடிக்கணும். டிரைவருமாருதான் கயிறு புடிக்கது. மூணே முக்காலுக்கு முகத்துவாரத்துல 'பீ'ன்னு கேட்டுச்சு. பாத்தா, எல்லாத்துக்கும் முன்னால ஸ்டெல்லா மாரி, பின்னால மெல்கியோர் டிரைவர் படகு, அதுக்குப் பின்னால மத்ததெல்லாம் கண்ணு எட்டுற தூரத்துக்கு.

நான் எப்பவும் போல, "சூசை டிரைவர் மீனு வருது, வழிய விடு!"ன்னேன்.

படகு வரல.

இன்னொரு தடவ கத்துனேன். ரெண்டடிப் படகு அலையில ஏறி எறங்கிட்டு, நின்ன எடத்துலயே நிக்கி. அலைத் தடுப்புல செசிலி ரிமோட்ட மடியில வச்சு, ரெண்டு கையையும் அது மேல மடக்கி வச்சு உக்காந்திருக்கா. பின்னால ஐம்பத்திரெண்டு படகும் இஞ்சின ஓட விட்டுட்டு நிக்கி. சுத்திப் போவலாம், எடம் இருக்கு, ஆனா யாரும் போவல. முன்னால நிக்கது ரெண்டடியா இருந்தா என்ன, அறுபதடியா இருந்தா என்ன, முன்னால நிக்கது படகு. நாலரை ஆச்சு. ஐஸ் உருகுது. கோயில்ல மொத மணி அடிச்சாச்சு. வயர்லெஸ்ல மெல்கியோர் டிரைவர் கொரலு, "ஏலக்காரரே, யாரு மீனுவே அது? ஒழுங்காப் பேரச் சொல்லித் தொலையும், மீனு நாறுது!"

கொரைரா அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து அலைத் தடுப்புக்கு ஓடுனாரு, நானும் பின்னால ஓடுனேன். "க்ஹும், க்ஹும், ஏம்மா செசிலி, நல்ல நாளும் அதுவுமா..."

செசிலி கடல விட்டுக் கண்ண எடுக்கல. "அண்ணாச்சி, டிரைவர் பேரு சொல்லாம எந்தப் படகும் உள்ள வராது. இது நான் போட்ட மொறையா, நீங்க போட்ட மொறையா?"

அண்ணாச்சி இரும வாயத் தெறந்தாரு, இருமல் வரல. திரும்பி என்னையப் பாத்தாரு. அவரப் பதினேழு வருசமாச் செஞ்சு காட்டுதேன், அந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. "போவே. போயி உள்ளதச் சொல்லும்."

"ஏட்டி, எனக்கு வாயி..."

"நீங்க எல்லாரு கொரல்லயும் பேசுவீங்க"ன்னா செசிலி. "இன்னிக்கு ஒங்க கொரல்ல பேசுங்க."

மேடைக்கு எப்படி வந்தேன்னு தெரியல. ஏறி நின்னேன். மெல்கியோர் மூக்கு வரல, சாமியோட இழுவ வரல, என் சொந்தத் தொண்ட எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு, அது நாலு தெருவும் தாண்டிக் கோயில் கோபுரத்துல போயி இடிச்சு, பொறா எல்லாம் பறந்துச்சு:

"செசிலி டிரைவர் மீனு வருது! மரிசால் டிரைவர் மக செசிலி டிரைவர் மீனு வருது! வழிய விடு!"

அப்புறம் 'பீ'. கொசு அழுத சத்தம். அதுக்குப் பின்னால மெல்கியோர் டிரைவர் ஹாரன், அதுக்குப் பின்னால அடுத்த படகு, அடுத்தது, அடுத்தது, ஐம்பத்திரெண்டு ஹாரனும் சேந்து அடிக்க, அந்தச் சத்தத்துக்கு நடுவுல ரெண்டடிப் படகு நெஞ்ச நிமித்திட்டு, கோணக் கொடிக்கம்பத்தோட, பெரிய படகு கணக்கா அலை கெளப்பிட்டு உள்ள வந்துச்சு. மூடிய நெம்புனா, கிடங்கு முழுக்க ஒரே ஒரு மயில்மீனு, என் நடுவெரல் நீளம், முதுகு எறக்கைய நீலமா விரிச்சு வச்சுக்கிட்டுப் படுத்திருக்கு. எலிசம்மாக்கா தொட்டுப் பாத்தாவ. வாழ்க்கையில மொதத் தடவையா மூஞ்சியச் சுளிக்கல.

கொடியேத்தத்துல டிரைவருமாரு கயிறு புடிச்சாவ. மெல்கியோர் டிரைவர் கொஞ்சம் தள்ளி நின்னு, "ஏம்மா டிரைவர், இங்க புடி"ன்னு எடம் விட்டாரு. ஐம்பத்திமூணு கை. நான் கூட்டத்துல நின்னு எல்லாருகிட்டயும் சொன்னேன், தெரிஞ்சவங்ககிட்டயும் தெரியாதவங்ககிட்டயும், வெளியூர்ல இருந்து பலூன் விக்க வந்தவருகிட்டயும்: "அந்தா மூணாவதா கயிறு புடிச்சு நிக்காள்லா, எம் பொண்டாட்டி. டிரைவரு." அன்னிக்கு அவ நூல்ல முடிச்சு போடல. வலை ஒரு முடிச்சு கொறையாவே சுவத்துல தொங்குது.

ஆகமொத்தம், கடைக்காரரே, எத்தன நட்சத்திரம் போடுவீங்கன்னு கேட்டிருந்தீங்க. இருக்கதெல்லாம் போட்டுக்கிடுங்க. கொடிக்கம்பத்துக்கு ஒண்ணு கொறைக்கலாம்னு நெனச்சேன், செசிலி வேண்டாம்னுட்டா. ஒண்ணு மட்டும் பெட்டி மேல சேத்து எழுதுங்க. ரெடி டு ரன்னு போட்டிருக்கீங்க, உள்ள பேட்டரி இருக்கு, சார்ஜர் இருக்கு, ரிமோட்டு இருக்கு. டிரைவர் பேரு மட்டும் உள்ள இல்ல, அத வாங்குனவந்தான் வாயத் தெறந்து கத்தணும்னு எழுதுங்க. கத்துறது கஷ்டம்தான். பழகிரும்.

இருங்க, முகத்துவாரத்துல 'பீ'ங்குது. நான் மேடைக்குப் போவணும்.